இந்தக் கதையில் திருடன் இல்லை

எட்டாம் வகுப்புத் தமிழ்ப் பரீட்சைக்குக் கேள்வித்தாள் தயாரித்த ஐயா அவர்களே, உங்கள் கதையை நீங்களே படிக்கவில்லை.

படித்திருந்தால் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்க மாட்டீர்கள். என் பிள்ளைகள் படித்தார்கள். அதனால்தான் மாட்டிக்கொண்டார்கள்.

நலம் விசாரித்துவிட்டு, வெயில் மழையைப் பற்றி இரண்டு வார்த்தை பேசிவிட்டு, அப்புறம் சண்டைக்குப் போகிற வழக்கம் எனக்கு இல்லை. வாரா வாரம் இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களுக்கு அது தெரியும். புதிதாக வந்தவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன் — நான் கொல்லிமலையில், குண்டனி நாட்டில் (சில ஊர்கள் சேர்ந்தது இங்கே ஒரு நாடு), எட்டாவது வரை உள்ள ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழ் எடுக்கிறவள். திங்கட்கிழமை ஏறுவேன். சனிக்கிழமை இறங்குவேன். ரோடு வரப்போகிறது, வரப்போகிறது என்கிறார்கள். ரோடு வருவதற்குள் என் முழங்கால் போய்விடும். அது இருக்கட்டும்.

விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் எட்டாம் வகுப்பில் இந்த வருஷம் ஒன்பது பிள்ளைகள். சேந்தமங்கலத்துக்கு இறங்கிப் போய்ப் பொதுப் பரீட்சை எழுதினார்கள். தமிழ்ப் பேப்பரில் 'படித்து விடையளி' என்று ஒரு பகுதி. ஒரு சின்னக் கதை, அதன் கீழே கேள்விகள். கதை இதுதான்:

'மலைப்பாதையில் நடந்து வந்த வழிப்போக்கன் ஒருவன் பசியால் வாடினான். வழியில் ஒரு தோப்பில் பலா பழுத்திருந்தது. தோப்புக்காரரைக் காணவில்லை. வழிப்போக்கன் ஒரு பழத்தைப் பறித்து, அம்மரத்தின் அடியிலேயே அமர்ந்து, பசி தீரத் தின்றான். மிச்சத்தை அங்கேயே வைத்துவிட்டு எழுந்தான். அப்போது தோப்புக்காரர் வந்து அவனைப் பிடித்துக்கொண்டார்.'

கேள்வி: திருடன் செய்த குற்றம் யாது? இக்கதையால் நாம் அறியும் நீதி யாது?

நீங்கள் என்ன பதில் எழுதியிருப்பீர்கள்? பிறர் பொருளைத் திருடுதல் குற்றம், திருடக் கூடாது என்பது நீதி. அவ்வளவுதானே? கதையைப் படிக்காமலேயே எழுதிவிடலாம். கேள்வியே போதும்.

என் பிள்ளைகள் ஒன்பது பேரும் ஒரே பதிலை எழுதினார்கள். 'இந்தக் கதையில் திருடன் இல்லை.'

பெரியண்ணன் என்கிற பையன் மட்டும் கூடுதலாக ஒரு வரி சேர்த்திருந்தான். 'தோப்புக்காரர் அவனைப் பிடித்தது தப்பு.'

ஜூன் மாதம் பிறந்தது. எல்லா ஊருக்கும் ரிசல்ட் வந்தது. எங்கள் ஒன்பது பேருக்கு மட்டும் வரவில்லை. நிறுத்தி வைத்திருக்கிறார்களாம்.

இதில் என்ன போகிறது என்று கேட்பீர்கள். சொல்கிறேன். சேந்தமங்கலத்தில் ஹைஸ்கூல் திறந்தாகிவிட்டது. ஹாஸ்டலில் எங்கள் பிள்ளைகளுக்கு இடம் சொல்லி வைத்திருந்தோம். ரிசல்ட் இல்லாமல் ஒன்பதாவதில் சேர்க்க மாட்டார்கள். வார்டன் இன்னும் கொஞ்ச நாள் பொறுப்பார், அப்புறம் வேறு பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுவார். மலையில் எட்டாவதுக்கு மேல் பள்ளி கிடையாது. இந்த வருஷம் போனால் மரவள்ளிக் காட்டில் இறங்கிவிடுவார்கள். ஒரு வருஷம் மண்வெட்டி பிடித்த பிள்ளை திரும்பி வந்து பெஞ்சில் உட்கார்ந்ததை நான் பார்த்ததில்லை.

அந்த ஒன்பது பேரில் தங்காயி என்கிறவள் தகரப் பெட்டியைத் துடைத்துத் துணியெல்லாம் அடுக்கிவிட்டாள். அவர்கள் ஊரிலிருந்து ஹைஸ்கூலுக்குப் போகப்போகிற முதல் பெண். தினமும் காலையில் பள்ளிக்கூடத்து வாசலில் வந்து நிற்பாள்.

"டீச்சருங்க, வந்துருச்சுங்களா?"

"இல்லை கண்ணு."

"சரிங்க. நாளைக்கி வாரேனுங்க."

எத்தனை நாளைக்கு இதைக் கேட்டுக்கொண்டிருப்பது? இறங்கினேன் சேந்தமங்கலத்துக்கு. ஆபீஸில் ஒரு கிளார்க். டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்கம்மா, இதுக்கா மலையில இருந்து இறங்கி வந்தீங்க?"

"பின்னே? உங்க மூஞ்சியப் பார்க்கவா?"

அவர் டீயைக் கீழே வைத்தார். "ஒம்போது பேப்பரு, ஒரே பதிலுங்க. எழுத்துகூட மாறலை. இதுக்கு என்னங்க பேரு?"

"கதையைப் படிச்சிருக்காங்கன்னு பேரு."

"காப்பின்னு பேருங்க. ஒரே பெஞ்சு வரிசையில வேற உக்காந்திருக்காங்க."

"அப்படியா? ஜில்லா பூரா 'திருடக் கூடாது, திருடக் கூடாது'ன்னு எழுதியிருக்கே, அதுவும் எழுத்துகூட மாறாம — அது காப்பி இல்லையா?"

அவர் டீயை மறுபடி எடுத்துக்கொண்டார். "ஸ்கூல் இன்ஸ்பெக்டரு மலைக்கே வந்து விசாரிப்பாருங்க. எங்ககிட்டக் கத்தி என்னங்க ஆகப்போவுது?"

நான் கத்தவில்லை. என் குரலே அப்படி.

இன்ஸ்பெக்டர் வந்தார். சொன்னபடி வந்தது பெரிய விஷயம். அதைச் சொல்லிவிட வேண்டும். மூடுபனியில், குடையோடு, பையைத் தூக்கிய ப்யூனோடு, மூச்சு வாங்க வந்து சேர்ந்தார். குட்டையான, நல்ல பருமனான மனிதர். தண்ணீர் கேட்டுக் குடித்தார். பிள்ளைகளைப் பார்த்துச் சிரித்தார். கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

"நான் ஒரு கதை எழுதிப் போடறேன், டீச்சர். ஒவ்வொருத்தரும் தனித்தனியா உக்காந்து பதில் எழுதட்டும். காப்பி அடிச்ச பிள்ளைகன்னா இதுல தெரிஞ்சுபோகும்."

தனித்தனியாக எங்கே உட்கார வைப்பது? எங்கள் பள்ளிக்கூடத்தில் இருப்பது ஒரே நீளக் கூடம். மனிதர் அசரவில்லை. பிள்ளைகளை மலை முழுக்கத் தூவிவிட்டார். ஒருத்தனைப் பாறை மேல் உட்கார வைத்தார். ஒருத்தியை மாட்டுக் கொட்டகையில். சடையன் என்கிறவனை, காட்டுப்பன்றிக்குக் காவல் இருக்கிற பரண் மேல் ஏற்றிவிட்டார். ப்யூன் இங்கும் அங்கும் ஓடிக் காவல் காத்தார். பாவம், சேற்றில் ஒரு செருப்பை விட்டுவிட்டார்.

இன்ஸ்பெக்டர் கரும்பலகையில் எழுதிய கதையைப் பிள்ளைகள் தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள். அது இது:

'ஓர் ஊரில் ஒருவரிடம் மட்டும் கிணறு இருந்தது. அவர் யாருக்கும் ஒரு குடம் தண்ணீர் கொடுத்ததில்லை. ஊரார் ஆற்றுக்கு நடந்தார்கள். ஒரு நாள் அவருடைய வீட்டுக் கூரை தீப்பிடித்தது. ஊரார் ஓடி வந்து, அவர் கிணற்றிலேயே இறைத்துத் தீயை அணைத்தார்கள். கிணறு வற்றியது. கிணற்றுக்காரர் கிணற்றடியில் உட்கார்ந்து அழுதார்.'

கேள்வி ஒன்றே ஒன்று: ஏன் அழுதார்?

நல்ல கேள்வி. இதைச் சொல்ல எனக்கு எரிச்சலாக இருந்தாலும், நல்ல கேள்வி.

தாள்கள் வந்தன. கூடத்தில் எல்லோரையும் உட்கார வைத்து, இன்ஸ்பெக்டர் ஒவ்வொன்றாக உரக்கப் படித்தார். அதற்குள் விஷயம் பரவி, பெற்றவர்கள் பாதிப் பேர் ஜன்னலில் வந்து தொங்கிக்கொண்டிருந்தார்கள்.

முதலில் பெரியண்ணன். "கிணறு வற்றியதால் அழுதார். அவர் வீட்டு முன்னால் உட்காரவில்லை. கிணற்றடியில்தான் உட்கார்ந்தார்."

இன்ஸ்பெக்டர் புருவத்தைத் தூக்கினார்.

அடுத்தது தங்காயி. "அவர் யாரையும் கூப்பிட்டதாகக் கதையில் இல்லை. கூப்பிடாமலே வந்தார்கள். அதனால் அழுதார்."

இன்ஸ்பெக்டர் அந்தத் தாளை இன்னொரு தடவை, மனசுக்குள் படித்தார்.

இன்னொருத்தி: "இனிமேல் கொடுக்க நினைத்தாலும் தண்ணீர் இல்லை." இன்னொருத்தன்: "தெரியாது. கதை சொல்லவில்லை." நானாக இருந்தால் அவனுக்கு முழு மார்க் போடுவேன். தெரியாததைத் தெரியாது என்று எழுத எத்தனை பெரிய மனிதர்களுக்குத் துணிச்சல் இருக்கிறது?

கடைசியில் பரண் மேல் இருந்தவன், சடையன். "புகை கண்ணில் பட்டதால்."

கூடம் கொல்லென்று சிரித்தது. இன்ஸ்பெக்டரும் சிரித்தார். "புகையா? டேய், கதையில எங்கடா புகை?"

"கூரை எரிஞ்சா பொகை வராதுங்களா சார்?"

"அது வரும்... ஆனா அவர் அதுக்கு அழலை. மனசு திருந்தி அழுதார்."

சும்மா இருப்பார்களா? பெரியண்ணன் எழுந்துவிட்டான். "அது எந்த வரியிலுங்க சார்?"

"வரியில இல்லைப்பா. நாமா புரிஞ்சுக்கணும்."

"அப்ப பொகையையும் நாமளா புரிஞ்சுக்கலாமுங்களே!"

அவ்வளவுதான். சந்தை கூடிவிட்டது. ஆளுக்கு ஒரு பக்கம். ஜன்னலில் தொங்கிய ஒரு தகப்பன், "கருமி எங்கீங்க திருந்துவான்? எம் பங்காளி ஒருத்தன் இருக்கிறான், அவன் ஊடு எரிஞ்சாலும் திருந்த மாட்டான்" என்று ஆரம்பித்தார். பக்கத்தில் நின்றவர் அந்தப் பங்காளியின் மைத்துனர் போலிருக்கிறது. அங்கே ஒரு கிளைச் சண்டை. இன்ஸ்பெக்டர் மேஜையைத் தட்டினார் — அமைதிக்காக இல்லை, தன் கட்சியை நிலைநாட்ட. "திருந்தித்தான் அழுதார்! கதையை எழுதினவனே நான்!"

தங்காயி மெதுவாகக் கேட்டாள். "அப்படீன்னா அதை எழுதியிருக்கலாமுங்களே சார்?"

மனிதர் சிரித்த சிரிப்பில் தொப்பை குலுங்கியது. வேர்வையைத் துடைத்துக்கொண்டு, "ஒரு டம்ளர் தண்ணி குடு கண்ணு" என்றார்.

படிப்பு என்றால் இதுதான் என்று நான் சொல்வேன். கதையில் என்ன எழுதியிருக்கிறது, என்ன எழுதவில்லை, எது நாம் வீட்டிலிருந்து கொண்டுவந்து போட்டது — இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்த பிள்ளையை எந்த ஏமாற்றுக்காரனும் ஏமாற்ற முடியாது. ஆனால் நாம் என்ன செய்கிறோம்? கதைக்கு வால் மாதிரி ஒரு நீதியை ஒட்டவைத்து, மாட்டை விட்டுவிட்டு வாலைப் பிடி என்கிறோம்.

சண்டை ஓய்ந்தது. இன்ஸ்பெக்டர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். முகம் மறுபடியும் ஆபீஸ் முகம் ஆகிவிட்டது.

"டீச்சர், எனக்கு ஒரு சந்தேகம். இந்தக் கதைக்கு ஆளுக்கு ஒரு பதில் எழுதுற பிள்ளைங்க, அந்தப் பலாப்பழத்துக்கு மட்டும் எப்படி ஒரே பதில் எழுதுனாங்க? இப்பத்தான் எனக்கு நெஜமாவே சந்தேகம் வருது."

பிள்ளைகள் நன்றாக எழுதியதே அவர்களுக்கு எதிராகத் திரும்பிவிட்டது! தங்காயி என் முகத்தைப் பார்த்தாள்.

"சார், வெளியே வாங்க. எதிர்ல வர்ற ஆளுகிட்ட அந்தக் கதையைச் சொல்லிக் கேளுங்க" என்றேன்.

"கேக்கறேன். ஆனா நீங்க வாயைத் திறக்கக் கூடாது."

திறக்கவில்லை. இந்த மலையில் நான் செய்த கஷ்டமான காரியம் அதுதான்.

விறகுக் கட்டோடு ஒருவர் வந்தார். இன்ஸ்பெக்டர் மறித்தார். "ஐயா, பசியோட வந்த ஒருத்தன் அடுத்தவன் மரத்துல பலாப்பழம் பறிச்சுத் தின்னுட்டான். அவன் திருடனா, இல்லையா?"

விறகுக்காரர் கட்டை இறக்காமலேயே கேட்டார். "எங்கீங்க வெச்சுத் தின்னான்?"

இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன்.

கொஞ்ச தூரத்தில் ஓர் அம்மா உரலில் சாமை இடித்துக்கொண்டிருந்தார். அவரிடமும் அதே கேள்வி. உலக்கை நிற்கவில்லை. "மரத்தடியிலயா தின்னான், ஊட்டுக்குத் தூக்கிட்டுப் போயா?"

அடுத்து தங்காயியின் அப்பா. மிளகுக் கொடி ஏற்றிய மரத்தில், ஏணி உச்சியில் நின்றிருந்தார். இன்ஸ்பெக்டர் கீழே இருந்து கத்தினார். மேலே இருந்து பதில் வந்தது. "கொட்டையை உட்டுட்டுப் போனானுங்களா?"

இன்ஸ்பெக்டர் குடையை ஊன்றிக்கொண்டு நின்றுவிட்டார். "எல்லாரும் ஏன்யா என்னையே திருப்பிக் கேக்கறீங்க?"

தங்காயியின் அப்பா இறங்கி வந்து சொன்னார். மலையில் இது சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி. பசித்து வருகிறவன் யார் மரத்திலும் பறிக்கலாம். மரத்தடியிலேயே உட்கார்ந்து தின்ன வேண்டும். மிச்சமும் கொட்டையும் மரத்துக்காரருக்கு. அங்கேயே விட்டுவிட வேண்டும். "அடியில தின்னா பசிங்க. தோள்ல தூக்குனாத்தான் திருட்டு."

கிணற்றுக்கு இங்கே வழக்கம் கிடையாது. ஊற்றுத் தண்ணீர் யாருடையதும் இல்லை. கிணற்றுக்காரர் என்று ஒருத்தரை என் பிள்ளைகள் பார்த்ததே இல்லை. அதனால் ஆளுக்கு ஒரு பதில். பலாவுக்கு வழக்கம் உண்டு. அதனால் ஒரே பதில். இதற்குப் பெயர் காப்பியா?

இன்ஸ்பெக்டர் லேசில் விடவில்லை. "இது உங்க மலை வழக்கம். கீழே அப்படி இல்லையே. கேள்வித்தாள் எல்லாருக்கும் பொதுதானே?"

எங்கள் பின்னாலேயே வந்திருந்த தங்காயி சொன்னாள். "கதையில மலைப்பாதைன்னு போட்டிருக்குதுங்க சார்."

போட்டிருக்கிறதே! ஐயா, அழகுக்காகத்தானே அந்த மலைப்பாதையைப் போட்டீர்கள்? அதில் நடக்கிறவர்கள் படிப்பார்கள் என்று நீங்கள் நினைக்கவில்லை, இல்லையா?

சாமை இடித்த அம்மா இப்போதுதான் உலக்கையைச் சாய்த்து வைத்துவிட்டு வந்தார். அவருக்கு வேறு கவலை. "ஏஞ்சாமி, அவன் கையில எண்ணெய் தடவிக்கிட்டானா? பிசின் ஒட்டியிருக்குமே?"

"அதெல்லாம் கதையில இல்லைம்மா."

"அப்ப எழுதுனவரு பலாப்பழம் உரிச்சுத் தின்னதில்லீங்க" என்றார் அந்த அம்மா. "ஆரோ சொளை எடுத்துத் தட்டுல வெச்சுக் குடுத்துருக்காங்க."

நான் அதுவரை வாயைத் திறக்கவில்லை என்றேனே? அப்போது திறந்தேன். சிரிப்பதற்கு. இன்ஸ்பெக்டர் என்னைவிட அதிகமாகச் சிரித்தார்.

பகல் சோறு தங்காயி வீட்டில். சாமைச் சோறும் அவரைக் குழம்பும். மனிதர் மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டார். கிளம்பும்போது தங்காயியின் அப்பா ஒரு பெரிய பலாப்பழத்தைக் கொண்டுவந்து ப்யூன் தலையில் ஏற்றினார். இன்ஸ்பெக்டர் பதறிவிட்டார்.

"ஐயா, இதைத் தூக்கிட்டுப் போகலாமா?"

"நாங்களாக் குடுத்ததைத் தூக்கலாமுங்க!"

ஊரே சிரித்தது. மூடுபனிக்குள் குடை மறைகிறவரைக்கும் அவர் சிரிப்புச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. ப்யூன் சிரித்த மாதிரித் தெரியவில்லை.

அடுத்த வாரம் ரிசல்ட் வந்தது. ஒன்பது பேரும் பாஸ்.

அந்தக் காலை நேரத்தை எப்படி எழுதுவது? எனக்கு நயமாக எழுத வராது. சடையன் பள்ளிக்கூட மணியை — மணி என்ன மணி, தொங்கவிட்ட தண்டவாளத் துண்டுதான் — அடித்தான், அடித்தான், கை வலிக்கும்வரை அடித்தான். மற்ற வகுப்புப் பிள்ளைகள் லீவு விட்டாயிற்று என்று நினைத்து ஓடியே போய்விட்டார்கள். ஹெட்மாஸ்டர் அவர்களைக் கூப்பிடவே இல்லை. தங்காயி மட்டும் ஓடவில்லை. ரிசல்ட் தாளை என் கையிலிருந்து வாங்கி, முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை நிதானமாகப் படித்தாள். படித்து முடித்த பிறகுதான் சிரித்தாள்.

வார்டன் இடம் வைத்திருந்தார். அதற்கு அவருக்கு என் நன்றி. மறுநாள் ஒன்பது பேரும் இறங்கினார்கள். தகப்பன்மார் தலையில் தகரப் பெட்டிகள் வரிசையாகப் போவதைப் பார்க்கக் கல்யாணச் சீர் போவது மாதிரி இருந்தது.

ரிசல்ட்டோடு மார்க் ஷீட்டும் வந்திருந்தது. இன்ஸ்பெக்டர் காப்பி இல்லை என்று எழுதிவிட்டார்; ஆனால் அந்தக் கேள்விக்கு ஒன்பது பேருக்கும் சைபர்தான். விடைக் குறிப்பில் இல்லாத பதிலுக்கு மார்க் போட அவருக்கு அதிகாரம் இல்லையாம். பிள்ளைகளுக்கு இதில் வருத்தம் இல்லை. பாஸ் ஆகிவிட்டார்களே. எனக்குத்தான் ஆறவில்லை.

அன்று அவர்களோடு இறங்குகிற வழியில், ஒரு திருப்பத்தில், தங்காயி நின்று என் பக்கம் திரும்பினாள்.

"டீச்சருங்க, பதிலு அவங்ககிட்டயே இருக்குதுங்களே. அப்புறம் எங்ககிட்ட எதுக்குங்க கேட்டாங்க?"

எனக்குப் பதில் தெரியவில்லை. நான் கேள்வித்தாள் தயாரிக்கிறவள் இல்லை. நீங்கள்தான் தயாரிக்கிறீர்கள். ஆகவே ஐயா, நீங்கள் சொல்லுங்கள். எனக்குத் தபால் போட வேண்டாம், ஆபீஸ் மூலமாகவும் வேண்டாம். இதே பத்திரிகையில், எல்லோரும் பார்க்க, உங்கள் பெயரைப் போட்டு எழுதுங்கள். ஹாஸ்டலில் இருந்து ஒன்பது பேர் படிக்கக் காத்திருக்கிறார்கள்.

கவனமாக எழுதுங்கள். அவர்கள் வரி வரியாகப் படிப்பார்கள்.